மூன்றாவது தடவை

பேய் விஷயத்தில் ஒன்பது வயதிலேயே நான் பெரிய ஆள். பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பனி இறங்கினால், அடுத்த நிரையில் கொழுந்து பறிக்கிறவர் முகம்கூடத் தெரியாது. அந்நேரம் யாராவது கூப்பிட்டால் சட்டென்று குரல் கொடுக்கக் கூடாது. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது தடவையும் கேட்டால்தான் மனுஷக் குரல். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன்.

மாமா பிழைப்புத் தேடி வடக்கே வன்னிக்குப் போனவர். அங்கே சண்டை முடிந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. விசாரணை என்று யாராவது வாசலில் வந்து நின்றால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்பாவுக்குப் பயம். வீட்டில் மாமா பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா அவருக்குச் சோற்றைப் போட்டாள்.

அந்த வருஷம்தான் ஓடைக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு போட லொறியில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். சண்டையில் பிடிபட்டவர்களாம். காவலுக்குத் துப்பாக்கியோடு ஆமிக்காரர்கள். எங்கள் மலையில் பெண்கள் போடும் சத்தத்தில் காது கிழியும். அங்கே அத்தனை பேர் கொத்தியும் ஒரு பேச்சு, ஓர் இருமல் கிடையாது. பனிக்குள்ளிருந்து மண்வெட்டிச் சத்தம் மட்டும் வரும். எனக்குப் பேய்கள் கொத்துவதுபோல இருக்கும். அம்மாவோ, அட்டைக் கடிக்குப் பயந்து எல்லோரும் ஒதுக்கும் ஓடையோர நிரையைக் கங்காணியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். பக்கத்துச் செடிகூடத் தெரியாத பனி. ஓடைக்கு அப்பால் மண்வெட்டிகளில் ஒன்று நின்றது.

“குருவி...”

அம்மாவின் கை கொழுந்தோடு அப்படியே நின்றுவிட்டது.

“குருவி...”

அம்மா வாயைத் திறந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“ரெண்டுதாம்மா ஆச்சு. பொறும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். மூச்சுகூட விடாமல் இரண்டு பேரும் நின்றோம். அங்கே யாரோ சிங்களத்தில் அதட்டினார்கள். மண்வெட்டி மறுபடி விழ ஆரம்பித்தது. மூன்றாவது தடவை கேட்கவே இல்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேய்தான் என்று அடித்துச் சொன்னேன்.

“ஆமா, பேய்தான். அப்பாகிட்ட சொல்லிறாத” என்றாள் அம்மா. தேத்தண்ணியைத் தொடாமலே என்னை வீட்டுக்கு அனுப்பினாள். பேய்க்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரத்தோடு லொறி வருவது நின்றது. அம்மா மட்டும் அந்த நிரையை விடவில்லை. பனி இறங்கினால் பறிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள்.

அவளைக் குருவி என்று கூப்பிடுகிறவர் மாமா ஒருவர்தான். அந்தப் பெயர் பேய்க்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.