பொம்போராவுக்குப் பதினொரு வீடு

நெஸ்தானுக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் கெண்டைக்காலில் பட்ட கடி. அவள் வேலை பார்த்ததோ தெருநாய்களின் நலனுக்காக நடக்கும் அறக்கட்டளையில், நாய்த்தொகை ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானியாக. தலைநகர் திபிலிசியில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் ஊரில் நான்காம் மாடியில் வாடகைக்குக் குடியேறினாள். நான்தான் அவளுக்குக் கார் ஓட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் எண்ணுவாள். ஒரு நாய் வந்து சக்கரத்தை மோந்தாலே, "ஜும்பெர் அண்ணா, எடுங்க, எடுங்க" என்பாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குக் கணக்குப் பிடிக்கும்ணா. அது கடிக்காது."

மருத்துவர்கள் நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, காதில் எண் போட்ட மஞ்சள் வில்லையை மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். மொத்தம் எத்தனை நாய், அதில் எத்தனைக்கு வீடு இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல வேண்டியது நெஸ்தான். அதற்காக வீடு வீடாக ஏறிக் கேட்பாள். நாய்க்கு அடுத்தபடியாக அவளுக்குப் பயம் பொய்தான். யாராவது குத்துமதிப்பாக ஒன்று சொன்னால்கூட முகம் சுளிப்பாள்.

முதல் வருஷம் கேட்டபோது சந்தைத் தெருவில் ஒருத்தருக்கும் நாய் இல்லை. சந்தை வாசலில் பாதி வழியை அடைத்துக்கொண்டு பழுப்பு நாய் பொம்போரா படுத்திருக்கிறான், கன்றுக்குட்டி கணக்காக. கசாப்புக்கடை வாழா அவனுக்கு எலும்பு போடுகிறான். ஊறுகாய் விற்கும் லாமாரா மழை வந்தால் சாக்கு விரிக்கிறாள். "உங்க நாயா?" என்று கேட்டால் மட்டும், "ஐயோ, நம்மளது இல்ல, தெருவோடது" என்றார்கள்.

இரண்டாம் வருஷம் நகராட்சி ஓர் உத்தரவு போட்டது. சொந்தக்காரர் இல்லாத நாய்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாய்ப்பட்டிக்குக் கொண்டுபோவார்களாம். அங்கே போன நாய் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை. நெஸ்தான் மறுபடியும் வீடு வீடாக ஏறினாள். இந்தத் தடவை பதினொரு வீட்டில் நாய் இருந்தது. அத்தனையும் பழுப்பு நிறம். அத்தனைக்கும் காதில் ஒரே எண்.

"என் வயித்துல பொறக்காத குறைதான், எழுதிக்கோ," என்றாள் லாமாரா.

"அக்கா, வாழா அண்ணனும் இதே நாயைத்தான் சொல்றாரு."

"அவன் கிடக்கான். எலும்புல துளி கறி ஒட்டியிருந்தாலும் சுரண்டி எடுத்துட்டுப் போடுறவன். அவனுக்கு நாய் ஒரு கேடா?"

காருக்குத் திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து, "நீங்களுமா அண்ணா?" என்றாள். ஆமாம், நானும்தான் சொல்லியிருந்தேன். ஏன் சொல்லக்கூடாது? குளிர்காலத்தில் அவன் ஒண்டுவது என் கார் என்ஜின் சூட்டில்தானே!

"இப்படியே போனா இந்த ஊர்ல நாயைவிட நாய்க்காரங்க அதிகம்னு வரும். நான் என்னத்தண்ணா எழுத?"

கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: நாய் ஒன்று, உரிமையாளர் யாரென்று தெளிவில்லை. அதைப் படித்த நகராட்சிக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

அடுத்த வாரமே வண்டி வந்து சந்தை வாசலில் நின்றது. இறங்கிய அதிகாரி கோச்சா முதல் வேலையாகப் பொம்போராவின் வாலை மிதித்தான். பொம்போரா அவன் கால்சட்டையைக் கிழித்தான். தோலில் ஒரு கீறல் இல்லை. மானம்தான் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

"யாரோட நாய் இது? வந்து கையெழுத்துப் போடுங்க. வீட்டோட கட்டி வைக்கணும், இனிமே எதுன்னாலும் அவங்கதான் பொறுப்பு. ஆள் இல்லன்னா இப்பவே வண்டில ஏத்துறேன்."

திடீரென்று சந்தையில் எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. வாழா கத்தியைத் தீட்டினான். லாமாரா ஒரே ஜாடியைத் திறந்து திறந்து மூடினாள். "எங்க வீட்டுக்காரருக்கு நாய் முடி ஒத்துக்காது," என்று யாரும் கேட்காமலே சொன்னாள். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

சுருக்குக் கயிறு கழுத்தில் விழுந்தபோது பொம்போரா குரைக்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அப்போது கார்க் கதவு திறந்து நெஸ்தான் இறங்கினாள்.

"என் நாய்," என்றாள். நாய்க்கு நாலடி தள்ளியே நின்றாள்.

கோச்சா அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க எண்ண வந்த அம்மாதானே?"

"எண்ணியாச்சு. ஒண்ணுதான் இருக்கு. அது என்னோடது. எங்க கையெழுத்துப் போடணும்?"

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. கையில் ரேடியேட்டர் மூடி இருந்தது. வாழ்க்கையில் அவள் எழுதிக் கொடுத்த முதல் பொய் அது. நாங்கள் சொன்ன பதினொரு பொய்யும் சும்மா கிடந்தன. அவளுடையதற்குச் சோறு போட வேண்டும். கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறினாள். பொம்போரா முன்னால் போனான், வீடு தெரிந்தவன் மாதிரி.

அன்று சாயங்காலம் சந்தைத் தெருவே படியேறி வந்தது. நன்றி சொல்லத்தான் வந்தது என்று நீங்கள் நினைத்தால் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது.

"எங்க புள்ளைய எங்கடி வச்சிருக்கே?" என்று கீழேயிருந்தே கத்திக்கொண்டு வந்தாள் லாமாரா, கையில் சூப்புப் பாத்திரத்தோடு. "நேத்து வந்தவ, ஒரு கையெழுத்தைப் போட்டு நாயையே தூக்கிட்டுப் போயிட்டா!"

"எளைச்சுட்டான்," என்றான் அவளுக்குப் பின்னால் நின்ற வாழா. அவன் கையில் எலும்பு. சத்தியமாக அதில் கறி ஒட்டியிருந்தது.

பொம்போரா கட்டிலில் படுத்திருந்தான். நெஸ்தான் நாற்காலிமேல் நின்றிருந்தாள்.

"கூட்டிட்டுப் போங்களேன்," என்று கெஞ்சினாள். "உங்க நாய்தானே அக்கா?"

லாமாரா குனிந்து பாத்திரத்தை வாசலில் வைத்தாள்.

"கையெழுத்து உன்னோடதுதானேம்மா," என்றாள். "காலையில பாத்திரத்தைக் கழுவிக் குடுத்துடு."