வசனமில்லாத கடைசிக் காட்சி

எங்கள் ஆரணி நாடகக் குழு கடல் தாண்டிய கதையைச் சொல்லச் சொன்னால், மற்றவர்கள் விமானத்திலிருந்து தொடங்குவார்கள். நான் என் மனைவியின் பிடிவாதத்திலிருந்து தொடங்குவேன். அவள் பள்ளி ஆசிரியை, நெசவாளி வீட்டுப் பெண், நாடகத்தின் கதாநாயகி. நான் வெறும் விளக்குக்காரன்.

ஒரு நாவலைத்தான் நாடகமாக்கியிருந்தோம். மகனை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும் தாய், ஒன்றும் பேசாமல் தறியில் உட்கார்ந்து நெய்வாள். நாவலில் அது ஒரே வரி. மேடையில் அதை நீண்ட கடைசிக் காட்சியாக்கியவள் என் மனைவி. வசனம் கிடையாது, பாட்டும் கிடையாது. பார்ப்பவர்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று சர்ச் ஹாலில் ஒத்திகை நடக்கும்போது கிண்டல் செய்தேன். அன்று முழுதாகப் பார்த்து முடித்தபோது, விளக்கை அணைக்கவே மறந்துவிட்டேன்.

கோலாலம்பூரில் அந்தக் காட்சியை வெட்டச் சொன்னார்கள். "ஜனங்க எழுந்து போயிடுவாங்க" என்றார் அமைப்பாளர். விருந்தாளியாகப் போன இடம். வாயை மூடிக்கொண்டு வெட்டினோம். கைதட்டல் நன்றாகவே வந்தது. அவளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"புள்ளய அடக்கம் பண்ணிட்டு வந்தவள நடுத்தெருவுல உட்டுட்டு வந்த மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

அடுத்தது சிங்கப்பூர். காட்சி இருந்தால்தான் விமானம் ஏறுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர்களும் அரைமனதாகச் சம்மதித்தார்கள். கண்ணமங்கலத்து ஆசாரி செய்து தந்த மடக்குத் தறியை, கட்டிலா என்று கேட்ட விமான நிலையத்துக்காரர்களிடம் விளக்கிச் சொல்லி ஏற்றிப்போனோம். தறியில் நிஜப் பட்டு நூலே பூட்டியிருந்தோம். காட்சி முடியப்போகும் நேரம், ஓர் இழை பட்டென்று அறுந்தது.

மேடையில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? அப்படியே நெய்துகொண்டு போயிருக்கலாம். ஆனால் அது நெசவாளி வீட்டுக் கை, அறுந்த இழையை விட்டுவிட்டு நெய்ய வராது. நாடகத்தையே மறந்துபோனாள். குனிந்து முனையைத் தேடினாள், விரலை நாக்கில் ஈரமாக்கினாள், நிதானமாக முடிச்சுப் போடத் தொடங்கினாள். அந்த ஊர் அமைப்பாளர் என் பக்கத்தில் வந்து நின்று, "நேரமாச்சு, லைட்ட அணைங்க" என்று நச்சரித்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"அவங்க முடிச்சி போட்டுகினு இருக்காங்க சார். இருங்க" என்றேன்.

அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. இழை சேர்ந்து தறிச் சத்தம் மறுபடி கேட்டபோது முன்வரிசையில் யாரோ விம்மினார்கள். எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பேர் பரவியது. டொராண்டோவிலிருந்து அழைத்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இழை அறுந்து அவள் முடிச்சுப் போடும் இடம் கண்டிப்பாக வேண்டுமாம். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"தானா அறுந்தா முடிச்சி போடுவேன் சார். நானே அறுக்க மாட்டேன். புள்ளய பறிகொடுத்த அந்தம்மாவுக்கு அறுந்த வரைக்கும் போதும்."

அவர் அதற்கும் ஒப்புக்கொண்டு டிக்கெட் அனுப்பினார்.

டொராண்டோவில் இழை அறுந்துபோகவில்லை. அவள் பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தாள். கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை.