எதிர் வீட்டுக்கு வந்த கர்தினால்

திருத்தந்தை அண்ணனைக் கர்தினாலாக அறிவித்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் ஊர் தருவைகுளத்தில் கோயில் மணி அடித்தார்கள், கடற்கரையில் வெடி போட்டார்கள். எங்கள் கோயில் பங்குச்சாமி லட்டு டப்பாவோடு வந்தார். தெருவே என் வாசலில் நின்றது. எதிர் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அது ஏன் என்று ஊருக்கு அரைகுறையாகத் தெரியும். எனக்கு முழுசாகத் தெரியும்.

நான் அவர் தங்கை. அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் முடித்ததும் அண்ணன் சாமியாராகக் குருமடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து அம்மா தான் பெற்ற பிள்ளையை "வாங்க சாமி" என்றுதான் கூப்பிட்டாள். நானும் அப்படியே தொடங்கினேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏளா, நீயாவது என்னைய நீன்னு கூப்பிடு. இல்லன்னா இந்த வீட்டுல எனக்குன்னு ஆளே இருக்காது" என்றார். இன்றுவரை அப்படியேதான் கூப்பிடுகிறேன்.

திருச்சபைச் சட்டம் படிக்க ஆயர் அவரை ரோமுக்கு அனுப்பினார். எந்த மொழியும் அவருக்குச் சீக்கிரம் பிடிபடும். அதைப் பார்த்து அங்கேயே திருத்தந்தையின் தூதர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். தூதர் என்றால் கொடி கட்டின கார், பெரிய விருந்து என்றுதான் நாங்கள் நினைத்தோம். "மத்தவங்க கையெழுத்துப் போடுத லெட்டர எழுதிக் குடுக்கதுதான் என் வேலை" என்று அவர் சிரிப்பார். ஆப்பிரிக்காவில் சில வருஷம், தென் அமெரிக்காவில் சில வருஷம் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தார். பிறகு பேராயராக்கி, சண்டை நடக்கும் ஒரு நாட்டுக்குத் திருத்தந்தையின் தூதராக அனுப்பினார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் தூதரகங்களைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது அவர் கிளம்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் அம்மா செத்துப்போனாள். விமானம் இல்லை. அடக்கப் பூசை முழுவதையும் அவர் போனில் கேட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். முடிந்ததும் "எல்லாரும் சாப்பிட்டியளா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக அவரை அனுப்பியது வளைகுடாப் பக்கத்து நாடு ஒன்றுக்கு. அங்கே போய் இரண்டாவது வருஷம், வேறொரு நாட்டு அரபு முதலாளி ஒருவரின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்த ஐந்து பேர் எல்லை தாண்டிவிட்டார்கள் என்று அந்த நாட்டில் பிடிபட்டார்கள். நான்கு பேர் எங்கள் ஊர். ஒருவர் காயல்பட்டினத்துக்காரர், படகின் எஞ்சின் டிரைவர். எங்கள் ஊர் நால்வரில் ஒருவன் எதிர் வீட்டுக்காரியின் புருஷன். அவள் என்னிடம் கணக்குப் படித்தவள். நண்டு கம்பெனியில் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை பார்த்து, மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி கேட்டதும் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "டீச்சர், ஒங்க அண்ணன் அங்கனதான இருக்காவ? ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க."

எனக்கும் அதே நம்பிக்கைதான். போனைப் போட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணே, நம்ம ஊர் ஆள்கள அங்க பிடிச்சு வச்சிருக்கானுவ. ஒனக்குத் தெரியுமா?"

 "ஒனக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்றார்.

"நான் என்ன கேக்கேன், நீ என்ன சொல்லுத?"

"ஜெபம் பண்ணுங்க. அடுத்த வாரம் பேசுதேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். எனக்குத் தலை குனிந்துபோனது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் போன் பண்ணும்போது கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் பேச்சை மாற்றினார். ஊரில் வாய் சும்மா இருக்குமா? "பெரிய பதவி வந்தா சொந்த ஊரு கண்ணுக்குத் தெரியாது" என்று என் காதுபடவே பேசினார்கள். அவர்கள் பிடிபட்டு எட்டாவது மாதம், எதிர் வீட்டுக்காரியின் புருஷன் சிறையில் மஞ்சள் காமாலை கண்டு இறந்துவிட்டான் என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். அந்த வாரம் அண்ணன் போனில் "அவ எப்படி இருக்கா?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மூன்று மாதம் அவர் போனை நான் எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் மீதி நான்கு பேரையும் விட்டுவிட்டார்கள். விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். விடுதலைக்கு நாங்கள்தான் காரணம் என்று இரண்டு கட்சிக்காரர்கள் போஸ்டர் ஒட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் காயல்பட்டினத்துக்காரர் பஸ் பிடித்து என் வீட்டைத் தேடி வந்தார். நாற்காலியில் உட்காரத் தயங்கினார்.

"டீச்சர், ஒங்க காக்காவப் பத்திச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். அண்ணனைத்தான் அப்படிச் சொன்னார். "வெள்ளிக்கெழம தவறாம செயிலுக்கு வருவாரு. மொத நாளு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு, 'ஏலே, நீங்கள்லாம் எந்தத் தெருடா?'ன்னு கேட்டாரு. எங்களுக்கு அழுகையே வந்துட்டு. எனக்குத் தொழுகப் பாய் வாங்கிட்டு வந்து குடுத்தாரு. அதிகாரிமார்ட்ட நின்னு நின்னு பேசித்தான் எங்கள வெளிய கொண்டாந்தாரு."

"இத ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"வெளிய ஒரு வார்த்த போனா அன்னைக்கோட அவரு உள்ள வர முடியாது. அப்படி ஒரு கண்டிஷன். நாங்களும் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தோம். ஒங்கள்ட்ட மட்டுந்தான் சொல்லுதேன்." அவர் குரல் இறங்கியது. "மவுத்தான ஒங்க ஊர்க்காரரு ஆறு வாரம் படுத்துக் கெடந்தாரு. ஆஸ்பத்திரிக்கு மாத்துங்கன்னு காக்கா கெஞ்சுனாரு. ரொம்பத் தாமசமாத்தான் மாத்துனானுவ. உசுரு போவும்போது கையப் பிடிச்சுட்டு இருந்தது அவருதான்."

அன்று சாயங்காலம் அண்ணனுக்கு நானே போன் செய்தேன். அவர் "முட்டுவலி எப்படி இருக்கு?" என்றார். "பரவால்ல அண்ணே" என்றேன். அடுத்த ஞாயிறிலிருந்து மறுபடி அவர் போனை எடுத்தேன்.

எதிர் வீட்டில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன் புருஷன் ஆறு வாரம் சாகக் கிடந்தது என் அண்ணனுக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

பணி முடிந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அவரைக் கர்தினாலாக்கினார்கள். சிவப்புத் தொப்பி வாங்கிய கையோடு ஊருக்கு வந்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கோயிலில் வரவேற்பு. தோரணம், பேண்ட் வாத்தியம் எல்லாம் ஏற்பாடு ஆகியிருந்தன. மூன்றரை மணிக்கு அவர் சாதாரண வெள்ளை அங்கியோடு என் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"எதிர் வீட்டுல அவ இருக்காளா? என்னையக் கூட்டிட்டுப் போ."

"அவ கதவத் தொறக்க மாட்டா அண்ணே."

"தொறக்காட்டி வெளிய நிப்போம்."

அவள் திறந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயதில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்த நாட்டுச் சிறையில் வேறு ஊர்க்காரர்களும் இருந்ததால், நான்கு பேர் வெளியே வந்த பிறகும் வாய் திறக்க முடியவில்லை என்றார்.

 அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நாலு பேரு உசுருக்காகச் சொல்லாம இருந்திய. நானா இருந்தாலும் என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல சாமி. ஆனா ஒரு லெட்டர்கூடப் போட மாட்டேங்காரேன்னு நான் எம் புருஷனத் திட்டிக்கிட்டே இருந்தேன். அவரு சாகக் கெடந்த நேரத்துல திட்டிருக்கேன்."

"அந்தப் பாவம் என்னுது. ஒன்னுது இல்ல" என்றார் அண்ணன். "என்னைய மன்னின்னு கேக்க வரல. ஒன்கிட்ட நேர்ல சொல்லாம சாகக் கூடாதுன்னு வந்தேன்."

"கடைசில என்ன சொன்னாரு?"

"நண்டு ஒடைக்கும்போது நீ கையுறை போடுதது இல்லையாம். ஓடு குத்திக் கை பழுக்குதுன்னு சொன்னான். போடச் சொல்லுங்கன்னான்."

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பது மாதிரி ஆரம்பித்தது அழுகையாக மாற, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணனும் தரையில் மெல்ல உட்கார்ந்தார். கோயில் பக்கம் பேண்ட் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். பங்குச்சாமி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். நான் வாசலிலேயே நின்று திருப்பி அனுப்பினேன். வரவேற்பு ஐந்தரைக்குத்தான் ஆரம்பித்தது. ஏன் தாமதம் என்று மேடையில் அவர் சொல்லவில்லை.

இப்போது அவர் ரோமில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது எதிர் வீட்டுக்காரி சில நாள் வந்து பக்கத்தில் உட்காருவாள். அவரிடம் தன் மகள் படிப்பைப் பற்றிச் சொல்வாள். சில நாள் வர மாட்டாள். வராத நாளில் அண்ணன் "அவ எங்க?" என்று கேட்பார். "வேலைக்குப் போயிருக்கா" என்பேன். சில ஞாயிறுகளில் அது உண்மையாகவும் இருக்கும்.