வேலிக்கு வந்த மஞ்சள்கரைக் கற்றாழை

ராத்திரிக் காவலில் ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் நாம் வேலை செய்தோம் என்று அர்த்தம். ஒன்றுமே நடக்காவிட்டால், இவன் எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். தடியும் லாந்தருமாய் விழித்திருக்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கப்பலில் வந்தது

சாலையில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் முதலாளி, சீமைக்குத் திரும்பப் புறப்பட்ட ஒரு தோட்டத் துரையிடம், அவர் கப்பலில் வரவழைத்து வளர்த்த அந்த ஆனைக்கற்றாழையைத் தன் வீட்டுக்கு வாங்கினார். பச்சை இலை, இரண்டு ஓரமும் வேட்டிக்கரை போல மஞ்சள். பூர்வீகம் மெக்சிகோ. அங்கே பச்சைக் கற்றாழைகளுக்கு நடுவே எப்போதோ ஒன்று மஞ்சள் கரையோடு தலைகாட்ட, அதன் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டே உலகமெல்லாம் பரப்பினார்கள் என்று பழைய புத்தகம் ஒன்றில் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். விதை போட்டால் கரை வராதாம். இதை முதலாளியிடம் சொன்னேன்.

"அதெல்லாம் கிடக்கட்டும் வே, ராத்திரி கொஞ்சம் இருமாம இரும்" என்றார்.

கேசவனின் கவலை

தோட்டக்காரன் கேசவன் தினமும் தண்ணீர் ஊற்றினான். அடி அழுகப் பார்த்தது. நிறுத்தினான், செழித்தது. உரம் கேட்கவில்லை, பூச்சி அண்டவில்லை. தெருமாடு மோந்து பார்த்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. கேசவன் முகம்தான் வாடியது.

"இதுபோல நாலு செடி வந்தா நம்ம கஞ்சியில மண்ணாக்கும், அண்ணாச்சி" என்றான்.

வேட்டி மாட்டியது

ஒரு விடியலில் செம்பருத்தி பறிக்க வந்த முதலாளியின் வேட்டி கற்றாழை முள்ளில் மாட்டிக்கொண்டது. முன்னால் போனால் முழங்காலில் குத்து. பின்னால் போனால் வேட்டி இருக்காது. நான் வந்து ஒவ்வொரு முள்ளாய் விடுவிக்கும்வரை கையில் பூவோடு நின்றார். கோபிப்பார் என்று பார்த்தால் முகத்தில் ஒரே பிரகாசம். அன்றே கன்றுகளைத் தெருவேலி நெடுக நடச் சொன்னார்.

"என்னையே பிடிச்சு நிறுத்திட்டு, கள்ளனை விட்டுருமா? மாசம் முடிஞ்சா நீரு வேற இடம் பாரும், வே."

காவல் இல்லாத வேலி

வேறு இடம் கிடைக்கவில்லை. இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்? வீட்டில் படுத்தால் பழக்கதோஷம், தூக்கமும் வரவில்லை; கூரையைக் காவல் காத்தேன். சில நாளில் கேசவன் வந்து கூட்டிப்போனான். வேலி நெடுகக் குழிகள்தான் இருந்தன. கன்று ஒன்றுகூட இல்லை. தாய்ச்செடி மட்டும் தூக்க முடியாமல் தப்பியிருந்தது. முதலாளி வீட்டில் ஒரு செம்புகூடக் களவு போகவில்லை. கள்ளன் நிதானமாக முள் நுனிகளைக் கத்தரித்து, யார் காலிலும் குத்தாதபடி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான்.

முதலாளி குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "முள்ளு குத்தும், கூப்பிடாது. நீரு இருமவாச்சும் செய்வீரு. சாயங்காலம் வந்துரும், வே" என்றார்.

தாய்ச்செடி மறுபடி கன்று விட்டு வேலியும் நிறைந்துவிட்ட இன்றைய தேதியில், வீட்டைக் கற்றாழை காக்கிறது, கற்றாழையை நான் காக்கிறேன், என்னைக் காப்பது இருமல்தான்.