ஒரே நிறம் என்று சொன்ன மேடம்

எழுதும்போதுதான் எனக்கு வாய். நேரில் நாலு பேர் இருந்தால், பந்தியில் இன்னொரு கரண்டி ரசம்கூடக் கேட்க மாட்டேன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களுக்கு இது தெரிந்ததுதான். அப்படிப்பட்ட நான் போன வாரம் ஒரு அரசு அதிகாரியிடம் சண்டை போட்டேன்.

மண்ணின் நிறத்துக்காக.

எங்கள் கொல்லிமலையில் இப்போது மண் ஆய்வு நடக்கிறது. அதற்காகக் கீழேயிருந்து ஸ்டெல்லா மேடம் வந்திருந்தார். கையில் ஒரு புத்தகம். பெயின்ட் கடையில் காட்டுவார்களே, அந்த மாதிரி பக்கம் பக்கமாகச் சின்னக் கட்டங்கள் – எல்லாமே மண் நிறம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு ஓட்டை. மண்ணை ஓட்டைக்குப் பின்னால் பிடித்து, எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறதோ அந்த நம்பரை எழுதிக்கொள்ள வேண்டும்.

அவ்வளவுதான் வேலை. ஆனால் எங்கள் குடும்பத்தில் அது சாதாரண வேலையா?

அப்பா நிலத்தைப் பிரித்தபோது பலாமரம்தான் எல்லை. மேற்கே அண்ணன், கிழக்கே நான். கறுத்த நல்ல மண் அண்ணனுக்குப் போய்விட்டது என்பது என் கட்சி. குச்சிக்கிழங்குக்கு ஏற்ற மண் தம்பிக்குப் போய்விட்டது என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவசரம் என்றால் மூன்றாம் ஆள் வழியாகப் பேசுவோம். ஆள் இல்லையென்றால் மாட்டின் வழியாக.

மேடத்தைப் பார்த்ததும் அண்ணன் ஓடிவந்தார்.

"ஏனுங்க மேடம், இன்னைக்கு உண்மை தெரிஞ்சு போகட்டுமுங்க. அந்தாளுகிட்டயும் சொல்லிருங்க."

அந்த ஆள் நான்தான். பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஊரில் எல்லோரும் தங்கள் நிலத்தைப் பெருமையாகக் காட்டுவார்கள். நாங்களோ போட்டி போட்டுக்கொண்டு, இருப்பதிலேயே நோஞ்சான் மண்ணாகப் பொறுக்கி நீட்டினோம்.

மேடம் இரண்டையும் வாங்கவில்லை. இரு பக்கமும் தானே தோண்டி எடுத்தார். மேகம் விலகி வெயில் வரும்வரை காத்திருந்தார். கூலிங் கிளாஸைக் கழற்றினார். அண்ணன் மண் மரநிழலில் ஈரமாக இருந்தது. என்னுடையது காய்ந்து வெளுத்திருந்தது. இரண்டின் மேலும் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடித்தார். புத்தகத்தை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்...

நானும் அண்ணனும் புத்தகத்தை எட்டிப் பார்த்தோம். இத்தனை வருஷத்து வழக்கு ஆயிற்றே.

"ரெண்டும் ஒரே நிறம்தாங்க. ஒரே நம்பர். ஈரத்துல கறுப்பா தெரியும், காஞ்சா வெளுப்பா தெரியும். வேற ஒண்ணும் இல்ல."

சண்டைக்காரர்கள் எதை வேண்டுமானாலும் தாங்குவார்கள். சண்டைக்குக் காரணமே இல்லை என்பதைத் தாங்குவார்களா?

"வெளையாடறீங்களா மேடம்?" என்றார் அண்ணன்.

"அந்தப் புஸ்தகம் பழசுங்களா?" – இது நான். என் வாயிலிருந்துதான் வந்தது.

"சாயம் போயிருக்குமுங்க" என்றார் அண்ணன்.

"எங்க மண்ணு எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றேன் நான்.

அண்ணன் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீயே சொல்லு. ரெண்டும் ஒண்ணா?"

நேராக என்னிடம். நடுவில் மாடுகூட இல்லை.

"அதெப்படிங்கண்ணா ஒண்ணாகும்?"

மேடம் நம்பரை எழுதிக்கொண்டு, சிரித்தபடியே ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாளே புகார் கொடுக்க அண்ணன் பைக்கில் இருவரும் கிளம்பினோம். காளப்பநாயக்கன்பட்டி வரும்வரை ஒரு கொண்டை ஊசி வளைவு விடாமல் மேடத்தைத் திட்டினோம். ஆபீஸ் பூட்டியிருந்தது. போண்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். நாளைக்கு மறுபடியும் போகிறோம். நாளைக்கும் பூட்டியிருந்தால் தேவலை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். மேடம் வந்துபோன அன்று சாயங்காலம், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பலாமரத்தடிக்குப் போனேன். இரண்டு பக்கத்து மண்ணையும் ஒரு கை அள்ளி, தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்.

ஒரே நிறம்தான்.

அண்ணன் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு... இந்த வாரம் மட்டும் அந்த வருத்தம் இல்லை.