ஈரம் காயாத அடுப்பு

என் அப்பா ரொட்டி சுட்டு வாழ்ந்தவர். கடைக்குப் பின்னால் இருந்த செங்கல் அடுப்பை அவரே கட்டியிருந்தார். அதன் புகை அவருக்கு இருமலைக் கொடுத்தது, எனக்குப் படிப்பைக் கொடுத்தது.

தூய எரிசக்தி நிதியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மின்சார அடுப்பு இலவசம், ஆனால் விறகடுப்பை முதலில் இடித்துவிட வேண்டும் என்றார். இரண்டும் இருந்தால் புகை குறைந்ததாகச் சொல்ல முடியாது. நான் வெப்பப் பொறியியல் படித்தவள். நிபந்தனை நியாயமானது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா இடித்தார். புது அடுப்பு வந்தது. அது இழுக்கும் மின்சாரத்தை எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் தாங்காது. பெரியதாக மாற்றுவது மின்வாரியத்தின் வேலை என்றார் அதிகாரி. பணம் கட்டினால் மாற்றுகிறோம் என்றது வாரியம். நிதியில் இயந்திரத்துக்குப் பணம் இருந்தது, கம்பிக்கு இல்லை.

அப்பா பெரிய பேக்கரியில் ரொட்டி வாங்கி விற்றுப் பார்த்தார். எதிர் டீக்கடைக்காரர் ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை அமுக்கிப் பார்த்தார்.

"என்ன மாமா, தலையணைக்குள்ள அடைக்கிறதுக்கா?"

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் கடை திறக்கவில்லை.

வாரியத்துக்குப் பல மாதம் அலைந்து ஓய்ந்த பிறகு, விறகடுப்பையே திரும்பக் கட்டப்போவதாக அதிகாரியிடம் சொன்னார். அப்படியானால் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது. "தாராளமா எடுத்துட்டுப் போங்க," என்றார்.

செங்கல் அடுப்பைத் திரும்பக் கட்டி முடித்தார். புதிதாகக் கட்டிய சுவரில் ஈரம் இருக்கும். நாள்கணக்கில் சின்னத் தீ போட்டுத்தான் காய வைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, பெரிய பேக்கரிக்காரர்கள் ஒப்பந்தம் போடச் சொல்லி நெருக்குவதாகவும், நாளைக்கு ரொட்டி கிடைத்தால் மாமாவிடமே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். கிடைக்கும் என்றுவிட்டார் அப்பா.

அன்று மாலை விறகை நிறைய அடுக்கினார். சுவருக்குள் சிக்கிய நீர் ஆவியானது. வெளியேற வழியில்லை. சத்தம் கேட்டு நானும் அம்மாவும் ஓடினோம். மேல் வளைவு பிளந்து உள்ளே விழுந்து கிடந்தது. பக்கத்தில் பிசைந்த மாவு பொங்கிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சே பண்ணிட்டேன்மா," என்றார் என்னிடம்.

மறுபடி கட்டலாம் என்றேன். அவர் கட்டவில்லை. எங்கள் கடையிலிருந்து இப்போது புகை வருவதில்லை. அந்த வகையில் திட்டம் வெற்றிதான்.

வேலைக்கு எழும் நேரத்துக்கு அப்பாவுக்கு விழிப்பு வந்துவிடும். கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்.

"படுங்க. ரொட்டிக்கு யாரும் வந்து நிக்கல," என்பாள் அம்மா.

"தெரியுது," என்பார். படுக்கமாட்டார்.

ஒரு மதியம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். உடம்பைத் துடைக்கும்போது அம்மாதான் கவனித்தாள். அடுப்புச் சூட்டில் பொசுங்கிப் பொசுங்கி எப்போதும் வழவழவென்று இருந்த வலது முன்கையில் முடி வளர்ந்திருந்தது. நரைமுடி. அம்மா அதையே தடவிக்கொண்டிருந்தாள்.