ஆரோக்கியம் அண்ணன் அளக்க மறந்தது

போன சனிக்கிழமை சாயங்காலம், கையில் உப்பு மிளகுப் பொட்டலத்தோடு ஒரு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். சமையலுக்கு அல்ல... மாதாவுக்கு! நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால், ஆரோக்கியம் அண்ணன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

அண்ணன் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். படூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் அவருக்குத்தான் போன். டூல்ஸ் பையோடு பின்பக்க லிஃப்டில் ஏறி வருவார். மற்ற நேரமெல்லாம் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் அவர் ஊரில், சர்ச் வேலை. பங்குப் பேரவைத் துணைத் தலைவர். முதியோர் பென்ஷன் வரவில்லையா, பட்டா கிடைக்கவில்லையா - மனு எழுதிக்கொண்டு முன்னால் நிற்பார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் தலைவர். மீதிப் பேருக்குத் தலைவலி.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு காரியம் மட்டும் கைகூடவில்லை. வருஷா வருஷம் மாதா திருவிழாவில் தேர் ஊரைச் சுற்றும். அண்ணன் குடியிருக்கும் காலனித் தெருவுக்குள் மட்டும் நுழையாது. காலனி ஜனங்கள் முனைக்கு வந்து, தேர் மேல் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இதில் கொடுமை என்ன தெரியுமா? தேருக்கு முன்னால் மைக் பிடித்து ஜெபமாலை சொல்வதே அண்ணன்தான். சொல்லிக்கொண்டே தன் தெருவைத் தாண்டிப் போவார். நானாக இருந்தால் மைக்கைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஏன் நுழையாது என்று கேட்டால், சாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கரன்ட் கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். அண்ணன் மனு போட்டுக் கம்பியை உயர்த்த வைத்தார். ரோடு சரியில்லை என்றார்கள். கிராம சபையில் பேசிப் பேசியே சிமென்ட் ரோடு வாங்கினார். முனையில் தேர் திரும்பாது என்றார்கள். அண்ணன் டேப்பை எடுத்தார். தேரையும் தெருவையும் அளந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் வாசித்தார். தேர் ஆறரை அடி, தெரு பத்தடி. ஃபாதரும் சரி என்றுவிட்டார். இனி என்ன சொல்ல முடியும்?

அந்த சந்தோஷத்தில்தான் என்னையும் அழைத்திருந்தார். தெரு முழுக்கத் தோரணம். அண்ணனின் மனைவி லூர்து அக்கா, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலுக்கும் முனைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

தேர் வந்தது. முனையில் அழகாகத் திரும்பியது... நின்றது.

தேரின் உச்சியில் ஒரு பெரிய நட்சத்திரம். சீரியல் பல்பெல்லாம் போட்டுப் புதிதாகச் செய்தது. மற்ற தெருக்களில் தப்பித்து வந்தது, இங்கே இன்னும் ஒரு அடி நகர்ந்தால் கரன்ட் கம்பியில் இடிக்கும். இந்த வேலையை யார் பார்த்தது? சாட்சாத் நம் அண்ணன்தான்! முதன்முதலாகத் தன் தெருவுக்கு வரும் மாதாவுக்காக, பத்து நாள் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் செய்திருக்கிறார். தேரையும் தெருவையும் அளந்த மனிதர், நட்சத்திரத்தை அளக்க மறந்துவிட்டார்.

திருவிழா கமிட்டி ஆட்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அலங்காரத்தைப் பாதியில் பிரிப்பது மரியாதை இல்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், தேரைத் திருப்புங்கள் என்றார் ஒருவர் - ரொம்ப அன்பாக. அண்ணன் மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஊருக்கே மனு எழுதியவர், தான் செய்த நட்சத்திரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லூர்து அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"இன்னா முழிச்சினு கீற? அந்த நட்சத்திரத்த கயட்டி எங்கைல குடு. நான் முன்னால தூக்கினு போறேன். மாதா பின்னால வரட்டும்."

அண்ணன் மைக்கை என் கையில் திணித்துவிட்டுத் தேர் மேல் ஏறினார். ஜெபமாலையில் ஒரு வரிகூடத் தெரியாத நான், மைக்கோடு விழித்துக்கொண்டிருந்தேன். ஃபாதர் கமிட்டிப் பக்கம் திரும்பாமல், தேரைத் தள்ளுபவர்களோடு தானும் போய்க் கை வைத்தார். நட்சத்திரம் இறங்கியது. ஒயரும் பல்பும் தொங்க அதை அணைத்துக்கொண்டு அக்கா முன்னால் நடக்க, பின்னால் மாதா அந்தத் தெருவுக்குள் வந்தார். ஒவ்வொரு வாசலிலிருந்தும் உப்பும் மிளகும் பறந்து வந்தன. என் பொட்டலத்தையும் பிரித்துப் போட்டேன்.

கவனித்திருக்கிறீர்களா? 'நீ வராதே' என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் நம்மில் யாருக்கும் இல்லை. அதற்குப் பதிலாக அடிக்கணக்கு, இடக்கணக்கு சொல்கிறோம்.

மறுநாள் காலை, எங்கள் அபார்ட்மென்ட் மெயின் லிஃப்ட் முன்னால் நின்றேன். பக்கத்தில் ஒரு நோட்டீஸ்: 'இட நெருக்கடி காரணமாக, வேலைக்கு வருபவர்கள் பின்பக்க லிஃப்டில் செல்லவும்.' ஒரு வருஷமாக ஒட்டியிருக்கிறது. அன்றுதான் உள்ளே போய் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன்... தாராளமாக எட்டுப் பேர் நிற்கலாம்.

நோட்டீஸைக் கிழித்துப் போட்டேன். யாரைக் கேட்டுக் கிழித்தாய் என்கிறீர்களா? கீழே 'செயலாளர்' என்று கையெழுத்துப் போட்டிருந்ததே நான்தான்!